ஜெர்மானிய ஓவியமும் வங்கத்துக் கருங்கோடும்

லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் மல்லிகைச் சரமும் காப்பித் தூளும் வாங்கித் திரும்பும் தமிழன்பர், வழியில் படங்களுக்குச் சட்டம் கட்டித் தரும் கடை ஒன்றின் முன் சற்றே நிற்பாராயின், செந்தாமரை மேல் நிற்கும் திருமகளையும் வீணை ஏந்திய கலைமகளையும் கண்ணாடிக்குப் பின்னே காண்பார். நம் இல்லங்களின் பூசையறைகளில் தலைமுறை தலைமுறையாக வழிபடப்பெறும் வடிவங்கள் இவை. இவற்றின் மூலம் இரவி வர்மாவின் ஓவியங்கள் என்பதைப் பலரும் அறிவர். ஆனால், 1894-இல் பம்பாயில் அவர் தொடங்கிய கல்லச்சுக் கூடத்தின் இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து தருவிக்கப்பெற்றவை என்பதையும், அங்குத் தொழில் வல்லுநராக வந்த ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்னும் ஜெர்மானியரே பின்னர் அக்கூடத்தை விலைக்கு வாங்கி நடத்தினார் என்பதையும் நினைப்பவர் சிலரே. அறியாமலே நாம் ஜெர்மானியக் கைத்திறனுக்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டி வந்திருக்கிறோம்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. லேக் மார்க்கெட்டிலிருந்து நடந்தே சென்றடையக்கூடிய காளிகாட்டில், 19-ஆம் நூற்றாண்டில், கோயிலுக்கு வந்த அடியவர்களுக்காகப் பட்டுவாக்கள் மலிவுத் தாளில் தூரிகையால் எழுதிய படங்கள் காசுக் கணக்கில் விற்றன. ஒரே இழுப்பில் தோளும் கையும் இடையுமாக வளைந்து இறங்கும் அக்கோட்டின் வன்மையை இன்று உலகின் பெரிய காட்சிச்சாலைகள் போற்றுகின்றன. ஆனால் அக்கலை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மடிந்துபோயிற்று. பளபளக்கும் வண்ண அச்சுப் படங்கள் சந்தையை நிறைத்தன. அவற்றுள் ஜெர்மனியில் அச்சாகிக் கப்பலேறி வந்தவையும் இருந்தன. பட்டுவாவின் கோடு விலைபோகவில்லை.

ஜெர்மானிய ஓவியர்களைப் பற்றி எழுதப் புகுவோர் பொதுவாக இயக்கங்களை வரிசைப்படுத்துவர். மறுமலர்ச்சிக்கு டியூரர், புனைவியலுக்கு ஃபிரீட்ரிஷ், வெளிப்பாட்டு நெறிக்குக் கிர்ஷ்னர், அருவ ஓவியத்துக்குப் பௌஹவுஸ் என்று பெயர்களை அடுக்கிக் காட்டுவது எளிது; மனப்பாடம் செய்வது அதனினும் எளிது. இந்நகரில் வாழும் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஜெர்மானிய ஓவியங்களுள் எவை இங்கு வந்தன? வந்தவற்றுள் எவை விருந்தினராக வந்து விடைபெற்றுச் சென்றன? எது தங்கிற்று? இவற்றுக்கு விடை தேடும்போது, தங்கியது வண்ணமன்று, கோடு என்பதும், அதிலும் ஒரு தாயின் கையிலிருந்து வந்த கறுப்புக் கோடு என்பதும் புலனாகின்றன.

ஜெர்மானியக் கலையின் முதுகெலும்பு அச்சு. ஐரோப்பாவில் நூலச்சு பிறந்த நாடு அது. நம் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்ட தமிழ் நூல்களுக்கான எழுத்துகளையும் ஹாலே நகரத்தில்தான் முதலில் வார்த்து அனுப்பினார்கள். இத்தாலியர் சுவரிலும் திரைச்சீலையிலும் பேரழகு படைத்த காலத்தில், ஜெர்மானியர் மரப்பலகையைக் கத்தியால் குடைந்து மை தடவித் தாளில் ஒற்றி எடுத்தனர். மன்னன் மாளிகைக்கு ஒன்று என்பது இத்தாலிய முறை. சந்தைக்கு ஆயிரம் என்பது இம்முறை.

இதன் தலைமகன் ஆல்பிரெக்ட் டியூரர். 1515-இல் அவர் வெட்டுவித்த காண்டாமிருகப் படத்துக்கும் நம் நாட்டுக்கும் நேரான தொடர்பு உண்டு. குஜராத்து சுல்தான் இரண்டாம் முசஃபர் ஷா போர்ச்சுகீசிய ஆளுநர் அல்புகர்க்குக்கு அளித்த விலங்கு அது. கோவாவிலிருந்து கப்பலேறி, அவ்வாண்டு மே 20-இல் லிஸ்பனில் இறங்கிற்று. டியூரர் அதைக் கண்ணால் கண்டாரில்லை. யாரோ எழுதி அனுப்பிய குறிப்பையும் வரைவையும் கொண்டு, தோலை இரும்புக் கவசமாக்கி, தோளின்மேல் இல்லாத ஒரு சிறு கொம்பையும் நட்டு விட்டார். அலிப்பூர்த் தோட்டத்தில் காண்டாமிருகம் பார்த்த பிள்ளைகூடப் பிழை கண்டுபிடிக்கும். எனினும் ஐரோப்பா ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுக் காலம் அந்தப் படத்தையே உண்மையான காண்டாமிருகமாகக் கொண்டது. பாவம், மெய்யான விலங்கோ மறு ஆண்டின் தொடக்கத்தில் இத்தாலியக் கடற்கரைக்கு அருகே கப்பலோடு மூழ்கி இறந்தது. அச்சான கோட்டுக்கு உள்ள ஆற்றல் இத்தகையது. அது பிழையையும் நிலைபெறச் செய்யும்.

டியூரரின் காலத்தவரே மத்தியாஸ் குரூனவால்ட். இவர் 1512-க்கும் 1516-க்கும் இடையே எழுதிய ஈசன்ஹைம் பலிபீட ஓவியம் இன்று பிரான்சு நாட்டுக் கோல்மார் நகரில் இருக்கிறது. கெட்டுப்போன தானியத்தை உண்டதால் உடல் எரிந்து அழுகும் நோய் கொண்டோரைப் பேணிய துறவியர் மடத்துக்காக எழுதப்பெற்றது. ஆதலின் சிலுவையில் தொங்கும் இயேசுவின் உடலில் புண்களும் முட்களும் நிறைந்திருக்கின்றன. தோல் பச்சை பாரித்திருக்கிறது. நோயாளி தன் நோயையே இறைவன் மேனியில் கண்டான். அழகு செய்வதைவிட உடனிருப்பதே கலையின் கடன் என்ற எண்ணம் ஜெர்மனியில் அன்றே வேரூன்றிவிட்டது. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னர் வருவதெல்லாம் விளங்கும்.

புனைவியலார் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிஷைத் தமிழர் எளிதில் உணரலாம். கருங்கடல், வெறும் மணல், அகன்ற வானம், இவற்றின் நடுவே விரலளவு உருவமாக ஒரு துறவி. 1808 முதல் 1810 வரை அவர் எழுதிய ‘கடலோரத் துறவி’ இவ்வளவே. முதற்பொருளால் உரிப்பொருளை உணர்த்தும் நம் திணை மரபை அறிந்தவர்க்கு இதில் புதுமை இல்லை என்று தோன்றும். ஆயினும் வேறுபாடு பெரிது. நெய்தற் பாட்டில் இரங்குகின்றவள் தனித்திருப்பதில்லை. அவள் சொல் கேட்கத் தோழி உண்டு, தோழி இல்லையேல் கடலும் நாரையும் உண்டு. ஃபிரீட்ரிஷின் மனிதன் முதுகு காட்டி நிற்கிறான். அவன் யாரோடும் பேசவில்லை, நம்மோடும் பேசவில்லை. அந்தத் தனிமை வியக்கத்தக்கது. ஆனால் வங்கத்தில் அதற்கு வேலை இருக்கவில்லை.

இனிக் கல்கத்தாவுக்கு வருவோம். 1921-இல் இரவீந்திரநாத் தாகூர் ஜெர்மனியில் பயணம் செய்தபோது வைமர் நகருக்கும் சென்றார். 1919-இல் அங்குத் தொடங்கப்பெற்றிருந்த பௌஹவுஸ் என்னும் கலைப்பள்ளி, ஓவியனுக்கும் கைவினைஞனுக்கும் இடையே இருந்த சுவரை இடிக்க முனைந்துகொண்டிருந்தது. அதே 1919-இல்தான் சாந்திநிகேதனில் கலாபவனமும் தோன்றியது. மறு ஆண்டு, வியன்னாவில் பயின்று சாந்திநிகேதனுக்கு வந்திருந்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார், வைமரில் ஆசிரியராக இருந்த யோஹன்னஸ் இட்டனுக்கு மடல் எழுதி ஓவியங்களை அனுப்புமாறு கேட்டார். 1922 டிசம்பரில், இந்திய கீழைக்கலைக் கழகத்தின் 14-ஆவது ஆண்டுக் காட்சி கல்கத்தாவின் சமவாய மாளிகையில் நடைபெற்றபோது, அவனீந்திரநாதர், ககனேந்திரநாதர், நந்தலால் போஸ், சுநயனி தேவி ஆகியோரின் படைப்புகளோடு பௌல் கிளே, கண்டின்ஸ்கி, ஃபைனிங்கர், இட்டன், கெர்ஹார்ட் மார்க்ஸ், கியோர்க் மூஹே, லோதார் ஷ்ரையர் முதலியோரின் நீர்வண்ணங்களும் வரைவுகளும் அச்சுப் படங்களும் இடம்பெற்றன. ஐரோப்பாவுக்கு வெளியே இவ்வளவு முற்பட்ட காலத்தில் இவ்வோவியர்கள் இப்படி ஒருங்கே காணப்பெற்றது பெருஞ்செய்தி. 2013-இல் ஜெர்மனியின் டெஸ்ஸௌ நகரில் இக்காட்சியை நினைவுகூர்ந்து தனிக் கண்காட்சியே அமைத்தனர்.

இதில் ஒரு வேடிக்கை. ஜெர்மானிய ஓவியம் என்று நாம் கொண்டாடும் இப்பெயர்களில் கண்டின்ஸ்கி ருசியர், ஃபைனிங்கர் நியூயார்க்கில் பிறந்தவர், இட்டன் சுவிட்சர்லாந்துக்காரர், கிளேயும் அங்குப் பிறந்து, தந்தை வழியால் ஜெர்மானியக் குடியுரிமை பெற்றவர். நாட்டுப் பெயரிட்டுக் கலையை வகுப்பது எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அக்காட்சி கல்கத்தா ஓவியத்தை மாற்றியதா? மாற்றிற்று என்று எழுதுவோர் பலர். நான் அவ்வாறு கருதவில்லை. கியூபிச வழியில் ஒளியையும் நிழலையும் கண்ணாடித் துண்டுகள்போல் உடைத்து எழுதிய ககனேந்திரநாதரைக் குறித்துக் கிராம்ரிஷ் அம்மையார் ‘ரூபம்’ இதழில் கட்டுரை வரைந்தது அதே 1922-இல். காட்சி திறப்பதற்கு முன்னர். அவர் தேடிக் கண்ட வழி அது, பெட்டியில் வந்து இறங்கியதன்று. கிளேயின் நுண்ணிய நீர்வண்ணங்களை அன்று கண்டவர்கள் வியந்திருப்பர். வியந்து வீடு திரும்பியிருப்பர். கோடும் வண்ணமும் பொருளைக் காட்டாமல் இசைபோல் இயங்கலாம் என்ற அவர்தம் கொள்கை உயர்ந்ததுதான். உயர்ந்த விருந்தினர்க்குச் செய்ய வேண்டிய மரியாதை அனைத்தும் அவற்றுக்குச் செய்யப்பெற்றன.

தாகூரின் ஓவியங்கள் மட்டும் எதிர்த்திசையில் பயணம் செய்தன. 1930-இல் பெர்லினில் அவருடைய ஓவியக் காட்சி நடந்தது. ஐந்து படங்கள் பெர்லின் தேசிய ஓவியக்கூடத்துக்குச் சென்றன. 1937-இல் நாஜி ஆட்சி ‘இழிந்த கலை’ என்று முத்திரையிட்டு அருங்காட்சியகங்களைத் துடைத்தெடுத்தபோது அவ்வைந்தும் அகற்றப்பெற்றன. அவ்வாண்டு ஜூலை 19-இல் மியூனிக் நகரில் திறக்கப்பெற்ற இழிவுக் காட்சியில் கிர்ஷ்னர், நோல்டே, கிளே, கண்டின்ஸ்கி, ஓட்டோ டிக்ஸ், கியோர்கு குரோஸ், மாக்ஸ் பெக்மன் என ஏறத்தாழ 650 படைப்புகளைக் கோணலாகத் தொங்கவிட்டு எள்ளினர். 1905-இல் டிரெஸ்டனில் ‘பாலம்’ என்னும் குழுவைத் தோழர்களோடு தொடங்கி, மரத்தைக் கோடரியால் பிளந்தாற்போல் செதுக்கிய கிர்ஷ்னர், மறு ஆண்டு தம்மையே சுட்டுக்கொண்டு மாண்டார். நோல்டேயோ நாஜிக் கட்சியின் உறுப்பினர். ஆயினும் ஆயிரத்துக்கு மேற்பட்ட அவருடைய படைப்புகள் பறிக்கப்பெற்றன. நல்ல ஓவியன் நல்ல மனிதனாகவும் இருப்பான் என்று நம்புவோர் இப்பெயரை நினைவில் கொள்ளட்டும்.

இவர்கள் அனைவரையும் கடந்து நாம் சென்று சேர வேண்டியவர் கேத்தே கோல்விட்ஸ் அம்மையார். 1867-இல் கியோனிக்ஸ்பெர்கில் பிறந்தவர். கணவர் கார்ல், பெர்லின் தொழிலாளர் பகுதியில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தவர். மருத்துவக் கூடத்துக்கு வந்த பெண்களே அம்மையாரின் ஓவிய மாந்தர். அவர் வண்ணத்தை ஏறக்குறையத் துறந்தார். செப்புத்தகடு, கல்லச்சு, பின்னர் மரச்செதுக்கு என்று கறுப்பிலேயே வாழ்ந்தார்.

1844-இல் சைலீசிய நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்த வரலாற்றை ஹௌப்ட்மன் நாடகமாக்கினார். அதைக் கண்டு நெகிழ்ந்த அம்மையார் 1893 முதல் 1897 வரை ஆறு படங்கள் அமைத்தார். முதற் படத்தின் பெயர் ‘வறுமை’. தாழ்ந்த கூரை, பின்னே தறி, முன்னே படுக்கையில் நலிந்து கிடக்கும் குழந்தை, அதன்மேல் குனிந்து தலையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டிருக்கும் தாய். அவள் முகம் சரியாகத் தெரிவதில்லை, கைகள் தெரிகின்றன. 1898-இல் இப்படங்களுக்குப் பொற்பதக்கம் அளிக்கக் குழுவினர் பரிந்துரைத்தபோது ஜெர்மானியப் பேரரசர் மறுத்துவிட்டார். நெசவாளியின் குழந்தை சாவதற்குப் பதக்கமா என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என வகுத்தார். உள்ளத்து நிகழ்வது உடலில் புலப்படுதலே மெய்ப்பாடு. ஐரோப்பியர் எக்ஸ்பிரஷனிசம் என்று பெயரிட்டு முழக்கியதன் சாரத்தை நம் இலக்கணம் வேறொரு வாயிலில் முன்பே தொட்டிருக்கிறது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கருவியாகப் பயன்படுத்தவே சொல்கிறேன். அழுகைக்கு அவர் கூறும் நிலைக்களன்கள் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. கிர்ஷ்னரும் நோல்டேயும் அச்சத்தையும் வெகுளியையும் வண்ணத்தால் எழுதினார்கள். கோல்விட்ஸ் அம்மையார் இந்த நான்கு களன்களை விட்டு அப்பால் அடி வைக்கவேயில்லை எனலாம். குறுகிய வட்டந்தான். அதற்குள் அவர் சென்ற ஆழத்துக்கு மற்றவர் சென்றிலர்.

இழவு அவர் வீட்டுக்குள்ளேயே வந்தது. 1914-இல் போர் தொடங்கியபோது இளைய மகன் பீட்டருக்கு வயது 18. தொண்டனாகப் படையில் சேரத் தந்தையின் இசைவு வேண்டும். தந்தை மறுத்தார். மகனுக்காகப் பரிந்து பேசி இசைவு பெற்றுத் தந்தவர் தாயே. அவ்வாண்டு அக்டோபரில் ஃபிளாண்டர்ஸ் களத்தில் பீட்டர் வீழ்ந்தான்.

இங்குத் தமிழ் படித்தவர் உள்ளம் புறநானூற்றுக்குச் செல்லாமல் இராது. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாய், முன்னைப் போர்களில் தன்னவரை இழந்தவள். கணவனும் களத்தில் பட்டவன். எனினும் பறையொலி கேட்டதும் ஒரே மகனின் குடுமிக்கு எண்ணெய் பூசி வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். மூதின் முல்லை என்று துறை வகுத்து நாம் இத்தாயைப் போற்றி வருகிறோம். மேடைதோறும் கைதட்டல் பெறும் பாட்டு அது. கோல்விட்ஸ் அம்மையாரும் 1914-இல் அத்தாய்தான். அதற்குப் பின் உள்ள ஆண்டுகள் நம் பாட்டில் இல்லை. அந்த ஆண்டுகளையே அவர் செதுக்கினார்.

1921, 1922-இல் வெட்டிய ‘போர்’ என்னும் ஏழு மரச்செதுக்குப் படங்களுள் முதலாவது ‘பலி’. ஆடையற்ற தாய் கண்களை மூடிக் கைக்குழந்தையை ஏந்தி நீட்டுகிறாள். கொடுக்கிறாளா, இன்னும் பற்றிக்கொண்டிருக்கிறாளா என்று சொல்ல முடியாது. பலகையில் வெட்டிய அந்தக் கைகள் இரண்டையும் செய்கின்றன. அடுத்தது ‘தொண்டர்கள்’. சாவு பறையடித்து முன் செல்ல, வாய் பிளந்த இளைஞர்கள் ஒருவன்மேல் ஒருவன் சாய்ந்து பின்தொடர்கின்றனர். சாவை ஒட்டி நிற்பவன் பீட்டர். நம் பாட்டில் தாய் கேட்ட பறையைத்தான் இங்கே அடிக்கிறார்கள். அடிப்பவன் யார் என்பது மட்டும் தெரிந்துவிட்டது. ஆறாவது படம் ‘அன்னையர்’. பெண்கள் ஒருவரையொருவர் தழுவி வட்டமாக நிற்க, இடுக்குகளினூடே பிள்ளைகளின் கண்கள் எட்டிப் பார்க்கின்றன. 1941, 1942-இல், அம்மையாரின் முதுமையில், கல்லச்சில் எழுதிய இறுதிப் படம் ஒன்றில் தாய் தன் போர்வைக்குள் மூன்று சிறுவரை அடக்கி வைத்திருக்கிறாள். விதைநெல்லை அரைத்து உண்ணலாகாது என்பது அதன் தலைப்பின் கருத்து. தஞ்சைத் தரணியில் பிறந்தவர்க்கு இதற்கு உரை வேண்டுமா? அந்த 1942-இல் பீட்டர் என்றே பெயர் தாங்கிய பேரனும் ருசியக் களத்தில் மாண்டான்.

மாசாத்தியாரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. கூர்ந்து படித்தால் அவர் அத்தாயின் துணிவைக் கண்டு அதிர்ந்தே பாட்டைத் தொடங்குகிறார்; அச்சொல்லைப் புகழ்ச்சியின் மறுவடிவாக உரையாளர் கொள்வர். ஒரு பெண் புலவர் இன்னொரு பெண்ணின் செயல் கண்டு நடுங்கியது என்று அதை நேர்ப்பொருளிலேயே கொள்ளலாகாதா என்று கோல்விட்ஸ் படங்களைப் பார்த்த பிறகு கேட்கத் தோன்றுகிறது. வேற்று நாட்டுக் கலையால் நமக்குக் கிடைக்கும் பயன் இதுதான். நம் பாட்டை நாமே மீண்டும் படிக்கிறோம்.

இக்கறுப்புக் கோடு வங்கத்துக்கு வந்த வழிகளுள் முதன்மையானது நேர்வழியன்று. சீனத்தைச் சுற்றி வந்தது. 1931-இல் இளம் எழுத்தாளர் ரோவ் ஷி கொல்லப்பட்டபோது, லூ சுன் அவர் நினைவாக இதழ் ஒன்றில் ‘பலி’ படத்தை வெளியிட்டார். 1936-இல், தாம் மறைவதற்குச் சில திங்கள் முன்னர், கோல்விட்ஸ் படத்தொகுதி ஒன்றையும் பதிப்பித்தார். சீன மரச்செதுக்கு இயக்கம் இதனால் வலுவுற்றது. அவ்வியக்கத்தின் படங்கள் 1940-களில் இந்திய இடதுசாரி இதழ்களின் வழியே இங்குள்ள இளம் ஓவியர்க்குக் கிட்டின. மாளிகையில் விளக்கேற்றித் திறந்த காட்சியில்லை. மட்டமான தாளில் அச்சான சிறு படங்கள். இதற்கு அது போதுமாயிருந்தது, ஏனெனில் இது அச்சுக்கென்றே பிறந்த கலை. கிளேயின் நீர்வண்ணம் மறு அச்சில் பாதி உயிர் இழக்கும். கோல்விட்ஸின் கோடு இழப்பதில்லை.

அந்நேரத்தில் வந்தது 1943-ஆம் ஆண்டுப் பஞ்சம். சுமார் 30 லட்சம் பேர் மாண்டனர் என்பர். சோற்றுக்கல்ல, வடித்த கஞ்சிக்காக மக்கள் கல்கத்தாவின் வாயில்தோறும் குரல் எழுப்பித் திரிந்தனர். ஜைனுல் ஆபிதீன் சிப்பம் கட்டும் முரட்டுத் தாளில் கறுப்பு மையால் அவர்களை எழுதினார். எச்சில் தொட்டியருகே மனிதரும் நாயும் காகமும் ஒரே கோட்டின் வறட்சியில் நிற்கின்றன. அவனீந்திரநாதர் வழியில் வந்த மெல்லிய பூச்சுமுறை, நனைந்த மஞ்சள் மாலைப் பொழுது, இவற்றால் இதைச் சொல்ல முடியாது என்பதை அத்தலைமுறை ஒரே இரவில் கண்டுகொண்டது.

சித்தப்பிரசாத் மேதினிப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து எழுதியும் வரைந்தும் ‘பசித்த வங்கம்’ என்னும் நூலை 1943-இல் வெளியிட்டார். ஆங்கில அரசு அதன் படிகளைப் பறித்து அழித்தது. தப்பிய படி ஒன்று பிற்காலத்தில் மறுபதிப்புக்கு உதவியது. இவருடைய படங்களைப் பேசுவோர் கோல்விட்ஸ் அம்மையாரை நினைவுகூர்வது வழக்கம். கறுப்பு நிழல், பெருத்த கை, குழந்தையை மூடிய தாய் ஆகிய ஒற்றுமைகள் வெளிப்படை. அவற்றினும் முக்கியமாக எனக்குப் படுவது வேறொன்று. சித்தப்பிரசாத் பல படங்களின் ஓரத்தில் தாம் வரைந்த மனிதரின் பெயரையும் ஊரையும் குறித்திருக்கிறார். பசித்தவர் என்று ஒரு கூட்டத்தை அவர் வரையவில்லை. இன்னார் மகன் இன்னாரை வரைந்தார். மருத்துவக் கூடத்தில் பெயர் சொல்லி அழைத்துப் பழகிய பெண்களை வரைந்த பெர்லின் அம்மையாரிடம் உள்ளதும் இக்குணமே. கோட்டின் வன்மை கற்றுக்கொள்ளக் கூடியது. இதைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்பது ஐயம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், பிற்காலத்தில் ஜெர்மானியர் ஒருவரே இந்நகருக்கு வந்து கறுப்பில் வரைந்து சென்றார். கியூன்டர் கிராஸ் நாவலாசிரியராகப் புகழ் பெற்றவர். ஆனால் முறையாகப் பயின்றது சிற்பமும் வரைகலையும். 1986-இல் துணைவியோடு வந்து முதலில் பாருய்ப்பூரிலும் பின்னர் லேக் டவுனிலும் தங்கினார். பெயரில் ஏரி இருப்பினும் அது நகரின் வடகோடி. நம் லேக் பகுதியோடு மயங்கலாகாது. சில திங்கள் வாழ்ந்து எழுதியவற்றையும் வரைந்தவற்றையும் சேர்த்து 1988-இல் ‘நாக்கை நீட்டுதல்’ என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக்கினார். காளி நாக்கை நீட்டுவது நாணத்தால் என்ற வங்க மரபைப் பற்றிக்கொண்டு, உலகம் வெட்கப்பட வேண்டும் என்கிறது நூல். கருத்து நேர்மையானது. கோடும் ஆற்றல் மிக்கது. ஆனால் அப்படங்களில் நடைபாதையில் உறங்கும் மனிதர் மூட்டைகளாகவும் குப்பைக் குவியலாகவும் ஒன்றில் ஒன்று கலந்து கிடக்கின்றனர். எது துணி, எது கால் என்று பிரித்தறிய இயலாது. இந்நகரத்தார் பலர் அந்நூலால் வருந்தினர். வெளியூரான் நம் அழுக்கைச் சொல்லிவிட்டானே என்ற சினம் ஓரளவு இருந்திருக்கலாம், அது நியாயமன்று. ஆனால் அப்படத்துக்குள் கிடப்பவருக்குப் பெயரில்லை என்ற குறை நியாயமானது. கோல்விட்ஸ் பிறந்த நாட்டிலிருந்து வந்தவரிடம் அதை எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு.

சட்டகிராமத்தில் பஞ்சத்தைக் கண்டு, சித்தப்பிரசாத்தின் வழிகாட்டலில் கரிக்கோல் பிடித்த சோம்நாத் ஹோர், பின்னர் கல்கத்தாக் கலைப்பள்ளியில் ஜைனுல் ஆபிதீனிடம் பயின்றார். 1946-இல் தேபாகா உழவர் கிளர்ச்சியைக் குறிப்பேட்டில் வரைந்தார். கோல்விட்ஸின் செல்வாக்கு அவருடைய தொடக்கக்கால மரச்செதுக்குகளில் எளிதாகக் காணப்படும். 1970-களில் அவர் அமைத்த ‘காயங்கள்’ என்னும் வரிசையில் அது காணப்படாது. மெழுகு அல்லது களிமண் தகட்டைக் கத்தியால் கீறி, சூடேற்றிய கம்பியால் துளைத்து, அதன்மேல் சிமெண்டு வார்த்து அச்செடுத்து, அதில் காகிதக் கூழை அழுத்தி உலர்த்தினார். மை தடவவில்லை. வெள்ளைத் தாளில் வெள்ளைப் புண். அதைக் காண ஒளி பக்கவாட்டில் விழ வேண்டும்; நேரே நின்று பார்ப்பவருக்கு வெற்றுத் தாளே தெரியும்.